கோழிக்குஞ்சு கத்தினால் என்ன அர்த்தம்?

சென்ற வருஷம் எங்கள் வீட்டுக் கோழியை 11 முட்டை வைத்து அடை வைத்தேன். 21-ஆம் நாள் 9 குஞ்சு பொரித்தது. மற்ற இரண்டும் கூமுட்டை. மறுநாள் மத்தியானம் பஞ்சாரத்தைத் தூக்கினால், ஒரு குஞ்சு காலை நீட்டி, இறக்கையைப் பரப்பி, தலையைத் தரையில் போட்டுக் கிடக்கிறது! நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஆச்சி ஓடி வந்தார்கள். "ஏளா, அது சாகலே, ஒறங்குது. பச்சப்பிள்ளையும் இப்படித்தான ஒறங்கும்?" என்று விரலால் லேசாகத் தொட்டார்கள். குஞ்சு எழுந்து ஓடியே விட்டது.

முதல் இரண்டு நாள் குஞ்சு தின்னவில்லையே என்றும் பதற வேண்டாம். பொரிக்கும் முன் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. அந்தப் பலம் இரண்டு நாளைக்குத் தாங்கும். ஓட்டில் ஓட்டை போட்ட குஞ்சு வெளியே வர ஒரு பகலும் ஓர் இரவும்கூட ஆகலாம். பாவமே என்று நாம் ஓட்டை உரித்தால், உள்தோலில் ஓடும் ரத்தக் குழாய் அறுந்து குஞ்சு செத்துப்போகும்.

சத்தத்தைக் கவனிக்கப் பழகுங்கள். மெல்லக் 'கிய் கிய்' என்றால் சந்தோஷம். விடாமல் வீறிட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, பல்புக்கு எட்ட ஒதுங்கினால் சூடு அதிகம். தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் சுமார் 35 டிகிரி சூடு வேண்டும்; பிறகு வாரம் 3 டிகிரி குறைக்கலாம். பழைய குண்டு பல்புதான் இதற்கு உதவும். இப்போது எல்லார் வீட்டிலும் இருக்கிற எல்.இ.டி. பல்பில் வெளிச்சம்தான் உண்டு, கதகதப்பு கிடையாது.

பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் பிய்த்து இழுக்காதீர்கள். வெந்நீரில் நனைத்த துணியால் ஊற வைத்துத் துடைத்து, உடனே ஈரம் போக உலர்த்துங்கள்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். அந்த 9 குஞ்சில் 4-தான் மிஞ்சியது. பத்தாம் நாள் வாக்கில், சத்தாக இருக்கட்டும் என்று சாளைக் கருவாட்டை இடித்துக் குருணையில் கலந்து போட்டேன். கடற்கரை ஊரில் கருவாட்டுக்கா பஞ்சம்! குடிக்க வைத்ததோ உப்புக் கரிக்கும் எங்கள் கிணற்றுத் தண்ணீர். குஞ்சுகள் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவேயில்லை. எச்சம் தண்ணீராகப் போனது, கால் தள்ளாடியது, மூச்சு இரைத்தது. கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். தீனியை விசாரித்துவிட்டு, "உப்பு மீறிவிட்டதம்மா" என்றார். குஞ்சுக்கு உப்பு விஷம் மாதிரி. இப்போது நாங்கள் குடிக்கும் தாமிரபரணித் தண்ணீரையே அவற்றுக்கும் வைக்கிறேன். கருவாட்டை எங்களோடு நிறுத்திக்கொண்டேன்.

கண்ணை மூடி, இறகைச் சிலிர்த்து, கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்கும் குஞ்சை உடனே தனியே பிரியுங்கள். மூன்றாம் வாரத்துக்கு மேல் எச்சத்தில் ரத்தம் கண்டால் அது ரத்தக் கழிச்சல். ஈரத் தரையில்தான் அதிகம் வரும், மருந்து உண்டு. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து கழுத்து முறுக்கினால் வெள்ளைக் கழிச்சல். ராணிக்கேத் என்பதும் இதுதான். வந்தால் மருந்து கிடையாது, ஆனால் வராமல் தடுக்கலாம்: 7-ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாம் வாரம் இன்னொரு தடவை, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

கைக்குழந்தை உள்ள வீட்டில் இன்னொன்று. குஞ்சு எவ்வளவு அழகாக இருந்தாலும் பிள்ளைகளை முத்தமிட விடாதீர்கள்; பார்வைக்கு நன்றாயிருக்கிற குஞ்சிடமிருந்தும் வயிற்றுப்போக்குக் கிருமி ஒட்டும். நானும் பஞ்சாரத்தைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் பேத்திக்குச் சோறு பிசைகிறேன்.