மென்களிமண்ணில் வேர்விட்ட கல்வி

பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையம் நிற்கும் இடம் ஒருகாலத்தில் சதுப்பு. அடியில் பத்து மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு மென்களிமண். பாரம் ஏற்றினால் தண்ணீரை மெல்லக் கசியவிட்டபடி ஆண்டுக்கணக்கில் அமிழ்ந்துகொண்டே இருக்கும். அதன்மேல் ஓடுபாதை போடுவது எப்படி?

உள்ளங்கை அகலமுள்ள பிளாஸ்டிக் பட்டைதான் வழி காட்டியது. வடிகட்டித் துணி சுற்றிய பட்டைகளை ஒன்று, ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இயந்திரத்தால் களிமண்ணுக்குள் செங்குத்தாக இறக்கி, மேலே மண்மேடு போடுவார்கள். பாரத்தில் பிதுங்கும் நீர் பட்டை வழியே மேலேறி வெளியேறும். பல ஆண்டுகள் இழுக்கும் அமிழ்வு சில மாதங்களில் முடிந்துவிடும்.

1990-களில் அந்தச் சதுப்பிலேயே சோதனை மேடுகள் எழுப்பி இதை அளந்து பார்த்தவர்கள் ஆசியத் தொழில்நுட்பக் கழகத்தினர். அந்த ஆய்வுகளில் இலங்கையரான பேராசிரியர் பாலசுப்பிரமணியமும் பிலிப்பைன்ஸ் நாட்டவரான பேராசிரியர் பெர்காடோவும் முன்னின்றார்கள். மண் தாய்லாந்துடையது, ஆராய்ந்தவர்கள் பிற ஆசிய நாட்டார்.

அந்தக் கழகத்தின் பிறப்பு பனிப்போர்க் காலத்தது. சீட்டோ என்ற ராணுவக் கூட்டணி, 1959-இல் பாங்காக்கில் பட்டமேற்படிப்புக்கென்றே ஒரு பொறியியல் பள்ளியைத் தொடங்கியது. 1967-இல் அது கூட்டணியிலிருந்து விலகித் தன்னாட்சி பெற்றது. இப்போது நகருக்கு வடக்கே பத்தும்தானியில் இயங்குகிறது. 1989-இல் மகசேசே விருதும் கிடைத்தது.

மேலைநாடுகளுக்குப் போய்ப் படிப்பதில் குறையொன்றுமில்லை. ஆனால் ஆற்றுக் கழிமுகம், பருவமழை வெள்ளம், நிலத்தடி நீரை உறிஞ்சியதால் தாழும் நகரம் ஆகியவை இங்கே கண்முன் நடப்பவை. 1980-களின் தொடக்கத்தில் பாங்காக்கின் கிழக்குப் பகுதிகளில் நிலம் ஆண்டுக்கு 10 செ.மீ. வரை இறங்கியது. இதே கவலையுள்ள ஊரிலிருந்து வரும் மாணவருக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் எங்கே கிடைக்கும்?

2001-இல் ஜப்பான் உதவியுடன் தொடங்கிய 'சீட்-நெட்' திட்டம் வேறு வழியில் போனது. புதிதாகப் பள்ளி கட்டவில்லை. ஆசியான் நாடுகளில் இருந்த பல்கலைக்கழகங்களையே இணைத்தது. பொருட்கள் பொறியியலுக்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், நிலவியல் பொறியியலுக்கு இந்தோனேசியாவின் கஜா மாடா என்று துறைக்கொரு வீடு. கம்போடியா, லாவோஸ் போன்ற நாடுகளின் இளம் ஆசிரியர்கள் அங்கே போய் முதுநிலையும் முனைவர் பட்டமும் படித்தார்கள். மாணவர்களைவிட ஆசிரியர்களுக்கு முதலிடம் தந்ததுதான் இத்திட்டத்தின் மிகச் சரியான முடிவு. ஊர் திரும்பும் ஓர் ஆசிரியர் ஆண்டுதோறும் ஒரு வகுப்பையே உருவாக்குவார்.