கிராம் கணக்கில் வேகம்

நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் இயந்திரத்தின் பலத்தை லிட்டரில் சொல்வது பழக்கம். சுரங்கத்தில் மண்ணை வாரும் ராட்சதச் சக்கர இயந்திரங்களை 350 லிட்டர், 700 லிட்டர், 1,400 லிட்டர் என்று ஒரு வாளி கொள்ளும் அளவை வைத்தே அடையாளம் சொல்வார்கள். 2023 ஜூலையில் அந்தச் சுரங்கத்துக்காகத் திருப்பப்படும் பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காக வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கியபோது, பெரிய இயந்திரத்தின் பலம் என்னவென்று தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த ஊரை முன்னால் வைத்துக்கொண்டு சின்ன இயந்திரத்தின் பெருமை பேசுவது கொஞ்சம் குதர்க்கம்தான். ஆனால் காரையும் நாம் லிட்டரில்தான் அளக்கிறோம். மாருதி 800-இன் எஞ்சினில் மூன்று சிலிண்டர்களையும் சேர்த்துக் கொள்ளளவு 796 சிசி, அதாவது ஒரு லிட்டர்கூடக் கிடையாது. அந்த எஞ்சினை வைத்துத்தான் தமிழ்நாட்டில் பந்தயக் கார் கட்டினார்கள். அதில் ஓட்டிப் பழகிய கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-இலும், சென்னை கருண் சந்தோக் 2010-இலும் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நின்றார்கள். குடும்பத்தோடு கோயிலுக்குப் போவதற்கென்று வாங்கப்பட்ட காரின் எஞ்சினுக்கு இது எப்படிச் சாத்தியமானது? சுசுகி என்ற ஜப்பானிய நிறுவனம் எழுபது ஆண்டுகளாகப் போட்டுவரும் கணக்கில் இதற்கு விடை இருக்கிறது. காரில் குதிரைத்திறனைக் கூட்டப் பணம் வேண்டும், எடையைக் குறைக்கப் புத்தி வேண்டும் என்பதே அந்தக் கணக்கு.

புத்தி வந்த வழி தறி. மிச்சியோ சுசுகி 1909-இல் ஹமாமட்சு என்ற ஊரில் தறி செய்யும் பட்டறை தொடங்கினார். (ஹோண்டாவும் யமஹாவும் அந்த வட்டாரத்தில் பிறந்தவைதான். நமக்கு ஒரு கோயம்புத்தூர் மாதிரி அவர்களுக்கு அந்த ஊர்.) தறியில் வேகமாகப் போய்வரும் பாகம் ஒவ்வொன்றும் இலகுவாக இருந்தாக வேண்டும். கனமாக இருந்தால் நூல் அறும், தறியும் ஆட்டம் கண்டு தேயும். போருக்குப் பிறகு நெசவுத் தொழில் தள்ளாடியபோது நிறுவனம் 1952-இல் சைக்கிளில் மாட்டிக்கொள்ளும் 36 சிசி எஞ்சின் ஒன்றைச் செய்தது. 1955-இல் சுசுலைட் என்ற முதல் கார் வந்தது. 360 சிசி, டூ ஸ்ட்ரோக், முன்சக்கர இயக்கம். அப்போது ஜப்பான் அரசு மிகச் சிறிய கார்களுக்கென்று தனி வகுப்பு வைத்து, நீளத்துக்கும் எஞ்சினுக்கும் வரம்பு கட்டி, அதற்குள் அடங்கும் கார்களுக்கு வரியைக் குறைத்திருந்தது. அப்போது 360 சிசியாக இருந்த எஞ்சின் வரம்பு 1976-இல் 550, 1990-இல் 660 என்று உயர்ந்தது. எஞ்சினைப் பெரிதாக்கும் வழியைச் சட்டமே அடைத்துவிட்டதால், பொறியாளரின் கையில் மிஞ்சியது எடை மட்டும்தான். 1979-இல் வந்த ஆல்ட்டோ இந்த வித்தையின் உச்சம். சரக்கு வண்டி வகுப்பில் பதிவுசெய்து ஒரு வரியையே தவிர்த்து, 4,70,000 யென்னுக்கு விற்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் தலைவராகியிருந்த ஓசாமு சுசுகி கஞ்சத்தனத்துக்குப் பேர்போனவர். பின்னாளில் அவருடைய நிறுவனத்தில் ‘ஒரு பாகத்துக்கு ஒரு கிராம், ஒரு யென்’ குறையுங்கள் என்பது முழக்கமாகவே இருந்தது. விலையும் எடையும் ஒரே மூச்சில் வருவதைக் கவனிக்க வேண்டும். இரும்பைக் குறைத்தால் இரும்புக்குக் கொடுக்கும் காசும் குறையும். மலிவும் சுறுசுறுப்பும் இங்கே எதிரெதிர் அல்ல, ஒரே வேலையின் இரண்டு பலன்கள்.

இதை இயற்பியலாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு கார் ஓட்ட நன்றாக இருக்கிறது என்றால் மிதித்தால் கிளம்புகிறது, திருப்பினால் திரும்புகிறது, பிரேக் பிடித்தால் நிற்கிறது என்று பொருள். குதிரைத்திறனைக் கூட்டினால் முதலாவது மட்டும்தான் சரியாகும். எடையைக் குறைத்தால் மூன்றும் சேர்ந்து சரியாகும். ஓடும் காரின் இயக்க ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்தில் கூடுவதால், பாதி எடையுள்ள காரை நிறுத்த பிரேக் பாதி வெப்பத்தை உள்வாங்கினால் போதும். வளைவில் டயரின் பிடி நிறைய பேர் நினைப்பதுபோல் எடையோடு அதே அளவில் ஏறுவதில்லை. டயர்மீது இரண்டு மடங்கு சுமை ஏற்றினால் பிடி இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகவே கிடைக்கும். அதனால் ஒரே டயரில் இலகுவான கார் வளைவை இன்னும் உறுதியாகப் பிடிக்கும். இதற்கெல்லாம் மேலே ஒரு சங்கிலி விளைவு இருக்கிறது. உடல் இலகுவானால் சிறிய எஞ்சின் போதும். எஞ்சின் சிறிதானால் கியர்பாக்ஸ், அச்சு, பிரேக், சக்கரம் எல்லாமே சிறிதாகலாம். அவை சிறிதானதால் அவற்றைத் தாங்கும் உடலை இன்னொரு முறை இளைக்கவைக்கலாம். முன்பக்கம் கனமில்லாததால் மாருதி 800-இல் பவர் ஸ்டியரிங் தேவைப்படவில்லை. தேவைப்படாததால் டயர் தரையில் என்ன செய்கிறது என்பது குறுக்கே எதுவும் இல்லாமல் நேராகக் கைக்கு வந்தது. லட்சக்கணக்கில் செலவழித்து இன்றைய விலையுயர்ந்த கார்கள் செயற்கையாக உண்டாக்கப் பார்க்கும் உணர்வு அது.

இந்தியாவுக்கு இது வந்துசேர்ந்த கதை தெரிந்ததுதான். 1982 அக்டோபரில் ஒப்பந்தம், சுசுகிக்கு 26 சதவீதப் பங்கு, 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி கையால் முதல் சாவி. அன்று சாலையில் ஓடிய அம்பாசடர் 1,489 சிசி எஞ்சினில் சுமார் 50 குதிரைத்திறன் தந்தது. ஆனால் ஒரு டன்னுக்கு மேல் கனத்தது. மாருதியின் எஞ்சின் அதில் ஏறக்குறைய பாதி, தந்தது சுமார் 40 குதிரைத்திறன், எடையோ சுமார் 650 கிலோ. டன்னுக்கு எத்தனை குதிரை என்று வகுத்துப் பார்த்தால் மாருதிக்கு அறுபதையொட்டி வரும், அம்பாசடருக்கு ஐம்பதுகூடத் தேறாது. சிக்னலில் இந்தச் சின்னப் பெட்டி முன்னால் பாய்ந்ததைப் பார்த்து ‘பிக்கப் இருக்கு’ என்று மெக்கானிக்குகள் சொன்னது உண்மையில் இந்த வகுத்தல் கணக்கைத்தான். தமிழ்நாட்டில் அதே காலத்தில் ஓசூரிலிருந்து சுசுகியின் இலகுவான 100 சிசி பைக்கும் வந்தது. பின்னர் வந்த ஷோகன், சாமுராய் என்ற பெயர்கள் இன்னும் பலர் நாவில் இருக்கின்றன.

கணக்கைத் தாளிலிருந்து தடத்துக்குக் கொண்டுவந்தவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தவர். தறிக்காரர் தொடங்கிய நிறுவனத்தின் எஞ்சினை ஒரு மில் குடும்பத்துப் பொறியாளர் கையில் எடுத்தது தற்செயலாக இருக்கலாம், ஆனால் பொருத்தமான தற்செயல். நூற்பாலைகளுக்காகவே வளர்ந்த கடைசல் பட்டறைகளும் வார்ப்பாலைகளும் இருந்த ஊரில்தான் இதைச் செய்திருக்க முடியும். அவர் மாருதியின் கூரை, கதவு, கண்ணாடி, பின் இருக்கை எல்லாவற்றையும் விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் எடுத்துக்கொண்டார். எஃகுக் குழாய்களால் சட்டம் கட்டி, ஒருவர் மட்டும் உட்கார இடம் வைத்தார். சக்கரங்கள் வெளியே நின்றன. ஃபார்முலா மாருதி என்று பெயர். 40 குதிரைத்திறன் கொண்ட பந்தயக் காரைக் கேட்டு ஐரோப்பாவில் சிரித்திருப்பார்கள். ஆனால் அதன் நற்குணமே அந்தப் பற்றாக்குறைதான். பலம் கொட்டிக்கிடக்கும் காரில் வளைவில் தவறு செய்தாலும் அடுத்த நேர்ப்பாதையில் மிதித்து ஈடுகட்டிவிடலாம். பலம் குறைந்த காரில் வளைவுக்குள் கொண்டுபோகும் வேகம் ஒவ்வொன்றும் சேமிப்பு. வீணாக்கினால் திரும்பி வராது. எஞ்சின் கெட்டால் வெளிநாட்டுக்குத் தந்தி அடிக்க வேண்டியதில்லை, பாகங்கள் ஊரிலேயே கிடைக்கும். எல்லோர் காரிலும் ஒரே எஞ்சின் என்பதால் பணக்கார வீட்டுப் பிள்ளைக்குக் கூடுதல் குதிரை கிடையாது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் தடம் 1990-இல் திறந்ததும் இந்தக் கார்களுக்கு நிலையான களம் அமைந்தது. நரேன் ஓட்டிய முதல் பந்தயமே ஃபார்முலா மாருதிதான், முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். கருண் 2000-இல் அதில் தேசியப் பட்டம் வென்றார். கரிவரதன் இதையெல்லாம் முழுதாகப் பார்க்கவில்லை. 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். எல்.ஜி.பி. நிறுவனத்தின் பி. விஜயகுமார் 2003-இல் செட்டிப்பாளையத்தில் அமைத்த 2.1 கிலோமீட்டர் தடத்துக்குக் கரிவரதன் பெயர். அங்கே ஓடும் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 கார்களிலும் சுசுகி எஞ்சின்தான், ஸ்விஃப்டின் 1.3 லிட்டர்.

இதில் சுசுகிக்கு என்ன பெருமை, கட்டியவர் கரிவரதன்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாருதி விற்றது மைலேஜ். வாங்கியவர் கேட்டதும் மைலேஜ். பந்தயத்தை மனதில் வைத்து யாரும் 800-ஐ வடிவமைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் மைலேஜும் சுறுசுறுப்பும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. ஒரு லிட்டர் பெட்ரோலில் அதிக தூரம் போகிற இலகுத்தன்மைதான் வளைவில் காரை நிமிர்த்தி வைக்கிறது. கரிவரதன் எஞ்சினுக்குப் புதுக் குணம் எதையும் ஊட்டவில்லை, உள்ளே இருந்ததைத் தடைகளை நீக்கி வெளியே காட்டினார். தவிர, சுசுகியும் தன் ஊரில் இதை அறியாமல் இல்லை. 1987-இல் அதன் ஆல்ட்டோ வொர்க்ஸ் 543 சிசியில் டர்போ பூட்டி 64 குதிரைத்திறன் எடுத்தது. போட்டி கைமீறிவிடும் என்று ஜப்பானிய நிறுவனங்கள் அந்த எண்ணையே சிறிய கார்களுக்கு உச்சவரம்பாக ஒப்புக்கொண்டன. ராலி பந்தயத்தின் ஜூனியர் உலகப் பட்டத்தை ஸ்வீடனின் பெர்-குன்னார் ஆண்டர்சன் 2004-இலும் 2007-இலும் சுசுகியில் வென்றார்.

இன்னொரு மறுப்பு வலுவானது. நெடுஞ்சாலையில் இந்தக் கணக்கு பாதி செல்லாது. விக்கிரவாண்டியிலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகத் தஞ்சாவூர் போகிற சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்களுக்குள் புகுந்து வளைந்து போன பழைய பாதையில் இலகுவான கார் ராஜா. நேரான நான்குவழிப் பாதையில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டினால் எதிரி காற்று, காற்றுக்கு எடை ஒரு பொருட்டில்லை, குதிரைத்திறன்தான் வேண்டும். 800 அங்கே மூச்சிரைத்தது. இதைவிடக் கனமான கேள்வி பாதுகாப்பு. 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை மோதிப் பார்த்தபோது ஆல்ட்டோ 800-உம் ஸ்விஃப்டும் பூஜ்ய நட்சத்திரம் வாங்கின. ‘தகரம்’ என்று நம் ஊரில் கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் உண்மை இருந்தது. ஆனால் அன்று சோதித்த மாதிரிகளில் காற்றுப்பை இல்லை. உடல் சட்டமும் மோதலின் சுமையைத் தாங்கும்படி இல்லை. இரண்டும் விலைக்காகச் செய்த கஞ்சத்தனம், எடைக்காக அல்ல. 2024 நவம்பரில் அதே அமைப்பு மாருதியின் புதிய டிசையருக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. அதன் எடை இன்னும் சுமார் ஒரு டன்தான். உயர்வலிமை எஃகு எங்கே வேண்டுமோ அங்கே இருந்தால் இலகுவான காரும் பாதுகாப்பாக இருக்கலாம். இன்னொரு வண்டியோடு நேருக்கு நேர் மோதினால் கனமான வண்டிக்குக் கொஞ்சம் சலுகை உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சலுகை எதிரில் வருபவரின் உயிரிலிருந்து கழித்துக்கொள்ளப்படுவது. எல்லோரும் கனமான காருக்கு மாறினால் ஒருவருக்கும் லாபமில்லை.

எனக்குச் சுசுகிமேல் இருக்கும் குறை வேறு. தன் வித்தையின் முழு வடிவத்தை அது இந்தியர்களுக்குக் கொடுக்கவே இல்லை. 970 கிலோ எடையில் 140 குதிரைத்திறன் தரும் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 2017-இல் ஜப்பானில் வந்தது. ஸ்விஃப்டை இவ்வளவு விரும்பி வாங்கிய நாட்டில் அதை விற்கவில்லை. அதே ஆண்டு இங்கே வந்த அதன் வேகக் கார் பலேனோ ஆர்எஸ் மூன்று ஆண்டுகளில் நின்றுபோனது. ஆளில்லாத கடையில் யாருக்கு டீ ஆற்றுவது என்று நிறுவனம் கேட்கலாம். ஆனால் உயரமான, கனமான வண்டிகளையே விளம்பரத்தில் காட்டிவிட்டு, இலகுவான காருக்கு ஆளில்லை என்பது சரியான வாதம் அல்ல. இப்போது மின்சாரம் வந்து கணக்கையே புரட்டுகிறது. சுசுகி குஜராத்தில் தயாரிக்கும் முதல் மின்சார கார் இ விட்டாரா 1,700 கிலோவுக்கு மேல் கனக்கிறது. இரண்டரை மாருதி 800 கார்களின் எடை, அதில் மின்கலத்துக்குக் கணிசமான பங்கு உண்டு. அதே நிறுவனம்தான் 2024-இல் தன் தொழில்நுட்பத் திட்டத்தை வெளியிட்டபோது, 680 கிலோ எடையுள்ள ஆல்ட்டோவில் இன்னும் 100 கிலோ குறைக்கப்போவதாக அறிவித்தது. இரண்டு திசைகளில் எது வெல்லும் என்பதைத் தீர்மானிக்கப்போவது மின்கல விலைதான் என்று தோன்றுகிறது. மின்கலத்தில் சேர்க்கும் ஒவ்வொரு கிலோவும் காசு. காசை மிச்சம் பிடிக்க எடையைக் குறைத்தாக வேண்டும் என்ற நிலை வந்தால், ஹமாமட்சுக்காரர்களுக்கு அது பழகிய வேலை.