தகவல் துளி: தசைகளின் தாங்குதிறன்

ஜொகூரின் தங்காக்கில் 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கிறது லேடாங் மலை. கனத்த மூட்டையை ஒருமுறை தூக்குவது தசைவலு. வேர்களைப் பிடித்தும் ஏணிகளில் ஏறியும் மணிக்கணக்கில் இந்த மலையேறக் கால்களுக்கு வேண்டியதோ தசைத் தாங்குதிறன்.

மெதுவாகச் சுருங்கும் தசை இழைகள் ஆக்சிஜனைக் கொண்டு எளிதில் சோராமல் உழைக்கும். பழகப் பழக, அவற்றைச் சுற்றி நுண் இரத்தக் குழாய்கள் பெருகும். சந்தைப் பையோடு வீடுவரை நடக்கவும் இதே திறன்தான் துணை.

இன்றே தொடங்கலாம். நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். முழங்கால் வலியோ இதய நோயோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.