விமானத்துக்கே ஒரு பாராசூட்

ஒன்பதாம் வகுப்பில் இயக்கச் சமன்பாடுகளை நடத்திக்கொண்டிருந்தேன். மேலிருந்து விழும் பொருளின் வேகத்தைப் பாராசூட் எப்படிக் குறைக்கிறது என்று சொல்லி முடித்ததும், கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

“சார், ஆளுக்கு ஒன்னு எதுக்கு? விமானத்துக்கே பெரிய பாராசூட்டா ஒன்னு மாட்டிட்டா எல்லாருமே தப்பிச்சிடலாமே?”

வகுப்பு சிரித்தது. நானும் லேசாகச் சிரித்துவிட்டேன். “நாளைக்குச் சொல்றேன்” என்று சமாளித்தேன். அன்றிரவு தேடிப் படித்தபோதுதான், சிரித்திருக்கக் கூடாது என்று புரிந்தது. அவன் கேட்ட பாராசூட்டுடன் சிறு விமானங்கள் பல ஆண்டுகளாகப் பறந்துகொண்டிருக்கின்றன. அதைப் பொருத்தலாமா, வேண்டாமா என்ற விவாதமும் கூடவே நடந்துவந்திருக்கிறது. அந்த விவாதத்தில் ஆசிரியர்களான நமக்கும் ஒரு செய்தி இருப்பதால் இதை எழுதுகிறேன்.

எப்படித் தொடங்கியது?

1975-இல் போரிஸ் போபோவ் என்ற அமெரிக்கர் ஹேங் கிளைடரில் பறந்தபோது, அது சில நூறு அடி உயரத்தில் உடைந்தது. ஏரியில் விழுந்ததால் பிழைத்துக்கொண்டார். விழும்போது தன்னால் செய்ய முடிந்தது எதுவுமே இல்லை என்பதுதான் அவரை உறுத்தியது. ஆளோடு சேர்த்து முழு ஊர்தியையும் இறக்கும் பாராசூட்டைத் தயாரிக்க 1980-இல் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்.

அதே நாட்டில் ஆலன் கிளாப்மையர் என்பவரின் விமானம் 1985-இல் நடுவானில் மற்றொரு விமானத்துடன் மோதியது. இறக்கையின் ஒரு பகுதியை இழந்த நிலையிலும் அவர் தரையிறங்கினார். மற்ற விமானத்தின் விமானி இறந்துபோனார். ஆலனும் அவருடைய தம்பி டேலும் நடத்திய சிர்ரஸ் நிறுவனம், தன் நான்கு இருக்கை விமானத்தில் பாராசூட்டை விருப்பத் துணைக்கருவியாக இல்லாமல் நிரந்தரப் பாகமாகவே வைத்தது. அந்த எஸ்.ஆர்.20 விமானத்துக்கு 1998-இல் அரசுச் சான்று கிடைத்தது.

எப்படி வேலை செய்கிறது?

விமானியின் தலைக்கு மேலே கூரையில் சிவப்புக் கைப்பிடி ஒன்று இருக்கிறது. அதை இழுத்தால், இருக்கைகளுக்குப் பின்புறம் உள்ள சிறிய திட எரிபொருள் ராக்கெட் சீறிக் கிளம்பி, மடித்து வைத்த பாராசூட்டை வெளியே இழுத்துச் செல்லும். விமானத்தின் மேல்தோலுக்கு அடியில் பதித்திருக்கும் பட்டைகள் தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். பாராசூட் ஒரே நொடியில் முழுவதும் விரிந்தால் துணியே கிழிந்துவிடும். அதனால் கயிறுகளின் மீது வழுக்கி இறங்கும் ஒரு வளையம் அது விரியும் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது.

எஸ்.ஆர்.22 விமானத்தின் தொடக்ககால மாதிரிகளில் பாராசூட்டின் விட்டம் 55 அடி. அதில் தொங்கியபடி விமானம் நிமிடத்துக்குச் சுமார் 1,700 அடி வீதம் இறங்கும். இது நொடிக்கு 8.6 மீட்டர். மறுநாள் மாணவர்களிடம் இந்த எண்ணைக் கொடுத்து, “எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் இந்த வேகம் வரும்?” என்று கேட்டேன். வேகத்தின் வர்க்கத்தை 19.6-ஆல் வகுத்தார்கள். 3.8 மீட்டர் வந்தது, அதாவது சுமார் பன்னிரண்டரை அடி. ஒரு மாடி வீட்டின் மொட்டை மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். அடி பலமாகத்தான் இருக்கும். ஆனால் சக்கரக் கால்களும், நசுங்கிக்கொடுக்கும்படி அமைத்த இருக்கைகளும் அதிர்ச்சியில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்கின்றன.

பெரிய விமானத்துக்கு ஏன் இல்லை என்பதற்கும் கணக்கிலேயே விடை இருக்கிறது. அந்தச் சிறு விமானத்தின் அதிகபட்ச எடை ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல். ஏர்பஸ் ஏ320 சுமார் 78 டன், அதாவது ஐம்பது மடங்கு. அதே வேகத்தில் இறங்கப் பாராசூட்டின் பரப்பும் ஐம்பது மடங்காக வேண்டும். விட்டம் ஏழு மடங்காகும்: 385 அடி. விமானத்தின் நீளத்தைப் போல மூன்று மடங்கு! அந்த வேகத்தில் கிழியாமல் விரிவது இன்னொரு சிக்கல். கேள்வி கேட்ட மாணவனே கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பொருத்தலாமா, வேண்டாமா?

வேண்டாம் என்பவர்களின் காரணங்கள் அற்பமானவை அல்ல. நான்கு இருக்கை விமானத்தில் இந்த அமைப்பு 35 முதல் 40 கிலோ வரை எடை கூட்டுகிறது. அந்த அளவுக்கு எரிபொருளையோ சாமான்களையோ குறைக்க வேண்டும். சிர்ரஸ் விமானங்களில் பத்தாண்டுக்கு ஒருமுறை பாராசூட்டையும் ராக்கெட்டையும் மாற்ற வேண்டும். அதற்குப் பெரும் செலவாகும். இழுத்த பிறகு விமானம் எங்கே இறங்கும் என்பது காற்றின் கையில். மேலேறும்போதும் தரையிறங்கும்போதும் மிகத் தாழ்வில் நேரும் விபத்துகளில் இது விரிய இடமே இருக்காது. நேராகப் பறக்கையில் இழுத்தால் சுமார் 400 அடியும், சுழன்று விழும்போது இழுத்தால் 900 அடிக்கு மேலும் உயரம் இழக்க நேரும். விபத்துக்குள்ளான விமானத்தில் வெடிக்காத ராக்கெட் இருந்தால் மீட்புப் பணியாளர்களுக்கும் ஆபத்து. இவற்றைவிட, “பாராசூட் இருக்கிறதே” என்ற துணிச்சலில் மோசமான வானிலைக்குள் விமானிகள் நுழைந்துவிடுவார்கள் என்ற அச்சமும் உண்டு.

பொருத்த வேண்டும் என்பவர்களின் பதில் சுருக்கமானது. இறக்கை உடைந்தாலோ, நடுவானில் மோதினாலோ, விமானி மயங்கினாலோ வேறு வழி ஏது? ஜெர்மனியில் அதி இலகு விமானங்களுக்கு இது கட்டாயம். சிர்ரஸ் விமானங்களில் மட்டும் இதுவரை 250-க்கும் மேற்பட்டோர் இதனால் உயிர் பிழைத்துள்ளனர்.

கருவி இருந்தும் இறந்தார்கள்

என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. பாராசூட் பொருத்திய சிர்ரஸ் விமானங்களில் முதல் பல ஆண்டுகளுக்கு உயிரிழப்பு விபத்துகள் குறையவில்லை. விசாரணைகளில் திரும்பத் திரும்ப ஒரே காட்சி: உயரம் இருந்தது, நேரம் இருந்தது, தலைக்கு மேலே கைப்பிடி இருந்தது. அதை யாரும் இழுக்கவில்லை.

ஏன்? எஞ்சின் நின்றால் வயல் தேடி இறக்குவதுதான் திறமை என்று அவர்கள் பயின்றிருந்தார்கள். கைப்பிடியை இழுப்பது தோல்வியை ஒப்புக்கொள்வதாகப் பட்டது. விமானம் வீணாகிவிடுமே என்ற தயக்கமும் இருந்தது. “இன்னும் ஒருமுறை முயன்று பார்ப்போம்” என்பதற்குள் உயரம் தீர்ந்துவிடும்.

2011-ஐ ஒட்டி அந்நிறுவனமும் விமான உரிமையாளர் சங்கமும் பயிற்சியையே மாற்றின. எந்த உயரத்தில் என்ன நேர்ந்தால் இழுப்பது என்பதைப் புறப்படும் முன்பே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். பயிற்சி அமைப்பில் கைப்பிடியை இழுத்துப் பழக வேண்டும். இழுத்தவரைக் குறை சொல்லாமல், சரியான முடிவெடுத்தவராகப் பாராட்ட வேண்டும். அதன்பின் பாராசூட்டைப் பயன்படுத்தியவர்கள் கூடினார்கள். இறப்பு விகிதம் வெகுவாகக் குறைந்தது. கருவி பழைய கருவிதான்.

2015 ஜனவரியில் கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்க்குத் தனியாகப் பறந்த விமானி ஒருவரால், கூடுதல் தொட்டியிலிருந்து எரிபொருளை எடுக்க முடியவில்லை. கடலோரக் காவல்படைக்குத் தகவல் சொல்லிவிட்டு, வழியிலிருந்த பயணிகள் கப்பலின் அருகே போய்க் கைப்பிடியை இழுத்தார். கடலில் இறங்கி, மிதவைப் படகில் ஏறிப் பிழைத்தார். காவல்படை எடுத்த அந்தக் காணொளியை வகுப்பில் காட்டினேன். “விமானம் போச்சே சார்” என்றாள் ஒரு மாணவி. “ஆள் இருக்கார்ல” என்றான் பக்கத்து வரிசைக்காரன்.

ஆக, பொருத்தலாமா என்ற கேள்விக்கு என் விடை: பொருத்தலாம், ஆனால் பழக்கிவிட்டுத்தான். பழக்கம் இல்லாத பாராசூட் வெறும் நாற்பது கிலோ சுமை.

இதை எழுதும்போது எங்கள் ஆய்வகச் சுவரில் தொங்கும் தீயணைப்பான் நினைவுக்கு வந்தது. இத்தனை ஆண்டுகளில் நான் அதைத் தொட்டதில்லை. தொட்டுக் கெட்டுப்போனால் இருப்புப் பதிவேட்டில் என்ன எழுதுவது என்ற தயக்கம்தான். நாளை உண்மையிலேயே தீப்பிடித்தாலும் முதல் நிமிடம் அந்தத் தயக்கத்திலேயே போயிருக்கும்.

அந்த வாரமே தலைமையாசிரியரின் அனுமதியுடன் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவரை அழைத்தோம். பள்ளித் திடலில் காய்ந்த சருகைக் கொளுத்தி, ஊசியைப் பிடுங்கி, தீயின் அடியைக் குறிபார்த்து எப்படி அடிப்பது என்று காட்டினார். முதலில் நான் அடித்தேன், பிறகு மாணவர்கள். பதிவேட்டில் “பயிற்சிக்குப் பயன்படுத்தப்பட்டது” என்று எழுதிக் கையொப்பமிட்டேன். உங்கள் பள்ளியிலும் சுவரில் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். ஒருமுறை கீழே இறக்கிப் பாருங்கள்.