நுரை பொங்கினால் மீன் பிழைக்கும்

பருப்பு கொதித்துப் பொங்கி வழியப்போகும் நேரத்தில் நம் வீடுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவார்கள். நுரை அடங்கிவிடும். பருப்பிலிருந்து நீரில் கரைந்த புரதத்துக்கு அந்த நுரையில் பெரும் பங்கு உண்டு. கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் செய்யவேண்டியது இதற்கு நேர்மாறானது. அங்கே நுரை பொங்கவேண்டும், பொங்கி வழியவும் வேண்டும். அதற்காகவே உள்ள கருவிக்குப் புரோட்டீன் ஸ்கிம்மர் என்று பெயர். ‘புரத நுரைநீக்கி’ என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்; எர்ணாகுளம் கடைகளில் அந்தப் பெயரைச் சொன்னால் நம்மைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

நம் சங்க அன்பர்களில் கடல்மீன் வளர்ப்போர் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு குடும்பத்தார் அண்மையில் ஒரே குறையைச் சொன்னார்கள். தண்ணீர் மங்குகிறது, கண்ணாடியில் பாசி படிகிறது, இரண்டு மீன்கள் செத்துவிட்டன, ஸ்கிம்மர் போதவில்லை, பெரிதாக ஒன்று வாங்கப்போகிறோம் என்றார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பெரிய ஸ்கிம்மர் ஒரு மாத ஓய்வூதியத்தை அப்படியே விழுங்கிவிடும். வாங்குவதற்கு முன்னால் கையிலிருப்பதை முழுமையாக வேலை வாங்கிப் பார்க்கலாமே என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் மீன் மேலே வந்து வாய் பிளந்து மூச்சு வாங்குமானால் இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு, முதலில் காற்றுக் குழாயைப் போட்டு, கால் பங்கு நீரை மாற்றுங்கள். ஸ்கிம்மர் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மீன் தின்றது போக மிஞ்சிய தீனி, அதன் கழிவு, உடல் வழுவழுப்பு எல்லாம் நீரில் கரைந்து, நுண்ணுயிர்களால் அம்மோனியாவாக மாறுகின்றன. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. உருவாகிவிட்ட அம்மோனியாவை ஸ்கிம்மரால் எடுக்க முடியாது. அதற்கு முந்திய நிலையிலிருக்கும் புரதத்தை எடுத்து வெளியே கொட்டுவதுதான் அதன் பணி. புரத மூலக்கூறில் ஒரு பகுதி நீரை விரும்பும், இன்னொரு பகுதி நீரை விட்டு ஒதுங்கப் பார்க்கும். ஆகவே காற்றுக் குமிழி ஒன்று கிடைத்தால் அதன் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். குமிழிகள் குழாயில் ஏறி, கழுத்தில் நுரையாகத் திரண்டு, மேலுள்ள கிண்ணத்தில் வழியும். 2019 டிசம்பரில் சென்னை மெரினாக் கரையெங்கும் வெண்ணுரை ஒதுங்கி, குழந்தைகள் அதில் விளையாடியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். கழிவுநீர் கலந்த கடலை அலைகள் கடைந்ததால் வந்த நுரை அது. நம் தொட்டிக்கடியில் நடப்பதும் அந்தக் கடைசல்தான், சிறிய அளவில்.

இதில் கணக்கு ஒன்றே ஒன்று. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குமிழியின் காற்றை அரை மில்லிமீட்டர் குமிழிகளாக உடைத்தால் 64 குமிழிகள் கிடைக்கும். காற்று அதே அளவுதான். ஆனால் புரதம் ஒட்டக்கூடிய பரப்பு நான்கு மடங்காகிவிடுகிறது. போதாததற்குச் சிறிய குமிழி மெதுவாக ஏறுவதால் நீரோடு உறவாடும் நேரமும் கூடுகிறது. பெரிய பம்ப் போட்டால் நிறையக் காற்று வரும், வேலை நடக்கும் என்று எண்ணுவது சரியல்ல. அதிக வேகத்தில் நீர் குழம்பினால் கழுத்தில் நிற்கவேண்டிய நுரை உடைந்துபோகும்.

எதையும் வெட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை உண்டு. காற்றை உறிஞ்சும் சிறு துளையில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். நம் கொச்சிப் பக்கத்து ஈரக்காற்றில் இது வாரத்துக்கொரு முறை நடக்கும். சிறு குழாயைக் கழற்றி வெந்நீர் விட்டால் போதும். அடுத்து, கழுத்தின் உட்புறம் வழுவழுப்பாகிவிட்டால் நுரை ஏறாமல் சரியும். இரண்டு மூன்று நாளுக்கொரு தரம் துடைக்க வேண்டும். எண்ணெய்க் கையைத் தொட்டிக்குள் விட்டால், பருப்புக்கு நேர்ந்த கதிதான் இதற்கும். பல மணி நேரம் நுரையே வராது. சோப்புத்தூள் வாசம் போகாத வாளியில் நீர் கலந்தால் அதற்கு எதிர்மாறாக, கூடத்துத் தரையெல்லாம் கோட்டைக்கொச்சி தோபிகானா ஆகிவிடும். புதிய ஸ்கிம்மராக இருந்தால் ஓரிரு வாரம் பொறுக்கவும் வேண்டும். உற்பத்தியில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு போனபின்தான் அது ஒழுங்காக நுரைக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கிண்ணம் நிறையவில்லையென்றால் கைவேலைக்கு வரலாம்.

பம்புக்குள் சுழலும் இம்பெல்லரில் ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருக்கும். காற்றைப் பொடியாக்குவது அந்த ஊசிகள்தான். விலை குறைந்த கருவிகளில் ஊசிகள் தடித்தும் குறைவாகவும் இருக்கும். அந்தச் சக்கரத்தின் முகத்தில் பிளாஸ்டிக் வலையை வட்டமாக வெட்டிக் கட்டினால் குமிழி மாவு போலப் பொடியாகிவிடும். நூல் பின்னல் போல, கம்பி கலக்காத, முரட்டு நைலான் வலையாக இருக்கவேண்டும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்துக் கட்டவேண்டாம். அதிலுள்ள தேய்ப்புப் பொடி உதிரும். இரண்டு அடுக்கு வலை, நைலான் நூல் தையல், சுற்றுச்சுவருக்கும் வலைக்கும் இடையே ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி என்று தொடங்குங்கள். அடுக்கைக் கூட்டினால் குமிழி சிறுக்கும். மோட்டாரின் சுமையும் கூடும்.

இங்கே பலரும் விட்டுவிடுவது சமன்பார்ப்பது. வலை ஒரு பக்கம் கனத்தால் மோட்டார் உறுமும், அச்சு தேயும், ஒரு நாள் இரவில் நின்றுபோகும். பட்டறையில் சுழலும் உறுப்பு எதுவானாலும் சமன்பார்க்காமல் வண்டியில் ஏற்ற விடமாட்டோம். வீட்டில் அதற்கு ஒரு பின்னலூசி போதும். அச்சுக் கம்பி தனியே வரும் இம்பெல்லராக இருந்தால், ஊசியைத் துளையில் செருகி, ஒரே மட்டத்திலுள்ள இரண்டு ஸ்கேல்களின் விளிம்பில் கிடத்துங்கள். கனத்த பக்கம் கீழே உருண்டு வரும். அங்கே கத்தரியால் சிறிது கிள்ளுங்கள். எங்கே நிறுத்தினாலும் நிற்கும் வரை இதைச் செய்யவேண்டும். என் மனைவியின் ஊசி இதற்காக என் பெட்டிக்குள் வந்து நாளாகிறது.

மாற்றம் பலன் தந்ததா என்பதைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், அளந்து பாருங்கள். 5 லிட்டர் கேனை நீருள்ள வாளியில் வாய் கீழாக நிறுத்தி, ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை அதனுள் மேல்முனை வரை செலுத்துங்கள். பம்ப் கேனுக்குள்ளிருக்கும் காற்றை உறிஞ்ச உறிஞ்ச, நீர் உள்ளே ஏறும். உள்நீரும் வெளிநீரும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு கேனை மெல்லத் தாழ்த்திக்கொண்டே வாருங்கள். முதல் அடையாளம் 1 லிட்டர், அடுத்தது 4 லிட்டர் என்று கோடு கிழித்துக்கொண்டால், இடையிலுள்ள 3 லிட்டரை உறிஞ்ச 36 வினாடி ஆனால் மணிக்கு 300 லிட்டர் காற்று. வலை கட்டியபின் இந்த எண் பெரிதாகக் குறைந்தால் ஓர் அடுக்கைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது நீர்மட்டம். ரயில்வேயில் நான் சேர்ந்த புதிதில் நீராவி இன்ஜின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அகலப்பாதையில் அவை 1995-இல் ஓய்ந்தன. பாய்லரில் கரைந்த உப்பு மிகுந்து நீர் நுரைத்தால், நீராவியோடு நீரும் சிலிண்டருக்குப் போய்ச் சேதம் விளைவிக்கும். அதனால் மட்டக் கண்ணாடியிலிருந்து ஓட்டுநரின் கண் அகலாது. ஸ்கிம்மரிலும் அதே கண் வேண்டும். கழுத்தருகே நீர் அரை விரலளவு ஏறினால் தண்ணீராக வழியும். இறங்கினால் ஒன்றுமே வராது. வெளியேறும் குழாயில் பட்டென்று மூடித் திறக்கும் பால் வால்வு இருந்தால் அதை எடுத்துவிட்டு, திருகித் திருகித் திறக்கும் கேட் வால்வைப் பொருத்துங்கள். பிளாஸ்டிக் வால்வாகவே இருக்கட்டும். பித்தளையிலிருந்து செம்பு கரையும். இறாலும் நண்டும் நத்தையும் அதைத் தாங்கா. ஸ்கிம்மர் நிற்கும் கீழ்த்தொட்டியில் ஒரு தடுப்புக் கண்ணாடியை ஒட்டினால், நீர் ஆவியானாலும் ஸ்கிம்மர் நிற்கும் அறையில் மட்டம் மாறாது. இந்தத் தடுப்பு ஒன்றுக்காகவே பல வீடுகளில் ஸ்கிம்மர் ‘உயிர்த்தெழுந்ததை’ப் பார்த்திருக்கிறேன்.

கிண்ணத்தில் சேர்வது முதல் டிக்காஷன் நிறத்தில், கெட்ட வாடையோடு இருக்கவேண்டும். தண்ணீர்க் காப்பி நிறத்தில் வந்தால் வால்வை இன்னும் சற்றுத் திறந்து மட்டத்தை இறக்குங்கள்.

மின்சாரமும் உப்புநீரும் ஒரே பெட்டியில் இருப்பதால் 30 மில்லிஆம்பியர் கசிவுத் தடுப்பான் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவேண்டாம். கம்பி பிளக்குக்கு ஏறுமுன் ஒரு தொங்கல் விட்டால், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். இன்னொன்று: ராமேசுவரம் பக்கம் போகும்போது தொட்டிக்காகப் பவளமோ கடற்குதிரையோ யாராவது கொடுத்தால் வாங்கி வராதீர்கள். 2001 முதல் இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன.

கும்பளங்கிக்காரன் என்ற முறையில் நம் காயல் நீரைப் பற்றியும் சொல்லவேண்டும். உப்பு குறைந்த நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். லிட்டருக்கு ஐந்தாறு கிராம் உப்புக்குக் கீழே போனால் ஸ்கிம்மர் வெறுமனே தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருக்கும். முழுக் கடல்நீரில் இருப்பது சுமார் 35 கிராம். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் காயல் நன்னீராகிவிடுவதால்தான் வயலில் பொக்காளி நெல் விளைகிறது. உப்பு ஏறியபின் அதே வயலில் இறால் வளர்கிறது. கோடையில் இரவுகளில் நீரைக் கலக்கினால் நீலமாக ஒளிரும் ‘கவரு’வைப் பார்க்க வெளியூரார் வருவதும் உப்பு ஏறிய அந்த மாதங்களில்தான். ஆகவே கடல்மீன் தொட்டிக்குக் காயல் நீர் ஆகாது. கடையில் கிடைக்கும் மீன்தொட்டி உப்பைக் கலந்து, அடர்த்தி 1.025 என்று பார்த்து ஊற்றவேண்டும்.

“கரிமீன் வளர்த்தால் பொரிக்கவாவது ஆகும், சாரே” என்று என்னைக் கேலி செய்யும் பக்கத்து வீட்டுக்காரர் இப்போது காயல் நீரிலேயே கரிமீனும் பள்ளத்தியும் வளர்க்கிறார். என்னைப் பார்த்து ஸ்கிம்மர் ஒன்றும் வாங்கிவிட்டார். ஆனி, ஆடியில் அது நுரைக்காது என்று சொல்லியிருக்கிறேன். அந்த மாதங்களில் கழற்றிக் கழுவி வைத்துவிட்டு, தீனியைக் குறைத்து, வாரம் ஒரு முறை நீரை மாற்றுகிறார். தை பிறந்து காயல் கரிக்கத் தொடங்கியதும் மீண்டும் மாட்டுவார். அவருடைய இம்பெல்லருக்கும் வலை வெட்டி வைத்திருக்கிறேன்.