அம்மாவுக்கு ஏன் திடீரென்று வியர்க்கிறது?

மார்கழி மாதப் பின்னிரவு. நீங்கள் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறீர்கள். அம்மா மட்டும் எழுந்து மின்விசிறியைச் சுழல விடுகிறார். முகமெல்லாம் அனல், கழுத்தெல்லாம் வியர்வை. காய்ச்சலோ என்று வெப்பமானியை வைத்துப் பார்த்தால் அது வழக்கமான அளவையே காட்டுகிறது. சில நிமிடங்களில் வியர்வை அடங்கிவிடுகிறது. இப்போது அம்மாவுக்குக் குளிர் எடுக்கிறது!

நடுவயதுப் பெண்கள் பலருக்கு இப்படி நேர்வதுண்டு. இது பிரமையன்று. இதற்குத் திட்டவட்டமான உடலியல் காரணம் இருக்கிறது. அதைப் பார்ப்போமா?

ஆணின் உடலில் விந்தணுக்கள் நாள்தோறும் புதிதாக உண்டாகின்றன. பெண்ணின் கதை வேறு. முதிராத கருமுட்டைகள் முழுவதையும் ஒரு பெண் பிறக்கும்போதே தன் சினைப்பைகளில் கொண்டு வருகிறாள். அப்போது அவற்றின் எண்ணிக்கை 10 முதல் 20 லட்சம். பருவமடையும்போது 3 அல்லது 4 லட்சமே மிஞ்சும். இவற்றுள்ளும் முதிர்ந்து வெளிவருபவை ஏறத்தாழ 400 தான். மற்றவை தாமாகவே அழிந்துவிடுகின்றன.

கருமுட்டையைச் சூழ்ந்துள்ள செல்களே ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீரைச் (ஹார்மோனைச்) சுரக்கின்றன. இந்த வகையைச் சேர்ந்த ஈஸ்ட்ரோன் என்ற பொருளை 1929இல் அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சியும், ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டெனான்டும் தனித்தனியே பிரித்தெடுத்தனர்.

முட்டைகளின் இருப்பு குறையக் குறைய, ஈஸ்ட்ரோஜன் சுரப்பும் தடுமாறுகிறது. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, 'சுரந்திடு' என்று சினைப்பைக்குக் கட்டளை அனுப்புகிறது. பதில் சரியாக வராததால், மேலும் மேலும் அனுப்புகிறது. கிணறு வற்றிய பின்னும் மோட்டார் ஓடுவது போன்ற நிலை இது! இந்தச் சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். மாதவிடாய் முறை தவறும், தூக்கம் கெடும், எரிச்சல் வரும். தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால், அது நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கொள்கின்றனர். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் நிகழ்கிறது.

சரி, வியர்வை எங்கிருந்து வந்தது? மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உண்டு. உடலின் வெப்பத்தைச் சீராக வைப்பது அதன் பணிகளுள் ஒன்று. அங்குள்ள சில நரம்புச் செல்களை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கும். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அவை மிகையாகத் துடிக்கின்றன. வெப்பக் கட்டுப்பாட்டைக் குழப்புகின்றன. உடல் துளி சூடேறினாலும் மூளை அதைப் பெருஞ்சூடு என்று கொள்கிறது. உடனே தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, வியர்வை பெருகுகிறது. தேவையில்லாமல் வெப்பம் வெளியேறிவிடுவதால், பின்னர் குளிர்கிறது.

கண்ணுக்குத் தெரியாத மாற்றம் ஒன்றும் உண்டு. எலும்பு நாள்தோறும் கரைந்து, நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. கரைக்கும் செல்களுக்குக் கடிவாளம் போடுவது ஈஸ்ட்ரோஜன். அது குறைந்தால் எலும்பு விரைவாக மெலிகிறது. பிற்காலத்தில் சிறு சறுக்கலிலேயே இடுப்பெலும்பு முறிவது இதனால்தான்.

மாணவியரே, இது உங்களுக்கும் உரிய செய்தி! எலும்பின் வலுவில் பெரும்பகுதி 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. ஓடியாடுங்கள், வெயிலில் விளையாடுங்கள், பாலும் கீரையும் கேழ்வரகும் உண்ணுங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது.

மாதவிடாய் நிற்பது நோயன்று. ஆனால் தொல்லை மிகுந்தால் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, மருந்துகள் உண்டு. அவை எல்லோருக்கும் பொருந்துவதில்லை என்பதால், மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றாலும், நின்று ஓராண்டுக்குப் பின் மீண்டும் இரத்தம் கண்டாலும், தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். பல தாய்மார்கள் கூச்சத்தால் இதை யாரிடமும் சொல்வதில்லை.

மாணவர்களே, நீங்களும் கேளுங்கள். இன்றிரவு அம்மா எழுந்து மின்விசிறியைப் போட்டால், 'குளிருதே!' என்று சலித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அம்மாவுக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுங்கள். காரணம்தான் இப்போது உங்களுக்குத் தெரியுமே!