கொழுந்துக் கணக்கு – 14: இதைச் சொல்வது யார் வேலை?

சென்ற வாரம் தேயிலைத் தூளை மூட்டை கட்டி லொறியில் ஏற்றியதோடு நிறுத்தியிருந்தோம். லொறி இந்நேரம் கினிகத்தேனை வளைவுகளில் இறங்கிக் கொழும்பு போய்ச் சேர்ந்திருக்கும். தூள் போகிற பாதையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதன் கூடவே போய், பிறகு மலைக்குத் திரும்பி வருகிற பேச்சு ஒன்று உண்டு. கடிதம், சீட்டு, அறிக்கை, அறிவித்தல் எல்லாம் அதில் அடக்கம். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனிக் கடிதம் எழுதுகிறவர்களுக்கும் மொழிபெயர்க்கிறவர்களுக்கும் பிழைப்பில்லை என்று ஹட்டன் டியூஷன் வகுப்புகள் வரை பேசிக்கொள்கிறார்கள். ஆகவே இந்த வாரம் அந்தப் பிழைப்பைப் பார்ப்போம்.

தூள் போய்ச் சேரும் ஏலத்திலிருந்து தொடங்குவோம். கொழும்பில் முதல் பகிரங்கத் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30ஆம் திகதி சோமர்வில் கம்பனியின் அலுவலகத்தில் நடந்தது. அன்று தொடங்கி நூற்று முப்பத்தாறு வருடத்துக்கு மேலாக அது வாயால் கூவிய ஏலம். தரகர் மேடையில் நின்று தோட்டத்தின் மார்க்கையும் லொட் எண்ணையும் சொல்லுவார். எதிரே வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும் கொள்வனவாளர்கள் விலையைக் கத்துவார்கள். சுத்தியல் தட்டப்படும். புதிதாகப் போகிறவனுக்கு ஒன்றும் விளங்காது. ஏலத்தைக் கணினிக்கு மாற்றுவது பற்றிப் பல வருடம் பேச்சு நடந்தது, காரியம் நடக்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் ஏலம் திரைக்குப் போய்விட்டது. கத்தியவர்கள் அவரவர் வீட்டில் இருந்தபடி பொத்தானை அழுத்தினார்கள். தூளும் விற்றது.

குரல் போனது, நாக்கு போகவில்லை. விற்பனைக்கு முன்னால் தரகர் நிறுவனத்தின் சுவைஞர் ஒவ்வொரு மாதிரியையும் ஐந்தாறு நிமிடம் ஊறவைத்து, உறிஞ்சிச் சுழற்றித் துப்பிவிட்டு ஒரு சொல் சொல்வார். அந்தச் சொல் தோட்டத்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, திரும்பி வரும். ‘ஸ்டூவ்ட்’ என்று வந்தால் டிரையரில் சூடு போதவில்லை என்று டீமேக்கருக்குத் தெரியும். ‘பேக்கி’ என்றால் சூடு மிஞ்சிவிட்டது. ‘பிரைட்’ என்றால் அன்றைக்கு அவர் நிம்மதியாகச் சாப்பிடலாம். கொழும்பில் ஒருவர் சொன்ன ஒற்றைச் சொல்லுக்குத் தலவாக்கலையில் ஒருவர் எழுந்து போய் டிரையரைத் திருகுகிறார். வியாபாரத் தொடர்பாடல் என்று பல்கலைக்கழகங்களில் மூன்று வருடம் கற்பிக்கிறார்களே, அதில் இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சொல் குறைவு. சொன்னவருக்கும் கேட்டவருக்கும் ஒரே பொருள். தப்பாகச் சொன்னால் யாரைக் கேட்பது என்பதும் தெரியும்.

ஆனால் அந்தச் சுத்தம் ஸ்டோர் வாசலோடு நின்றுவிடுகிறது. கொழுந்து பறித்த பெண்ணுக்கு அதிலிருந்து வந்து சேர்வது “கொழுந்து மோசம்” என்கிற ஏச்சு மட்டும்தான். மேலிருந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வருகிற பேச்சின் கதை வேறு.

தொடக்க காலத்தில் அந்தப் பேச்சைச் சுமந்தவர் கங்காணி. தென்னிந்தியக் கிராமத்தில் ஆள் சேர்த்தவரும், முன்பணம் கொடுத்தவரும், தோட்டத்தை நடத்திய துரை சொன்னதை லயத்துக்கும் லயம் சொன்னதைத் துரைக்கும் சொன்னவரும் அவர்தான். அவர் கையில் ‘துண்டு’ என்று ஒரு காகிதம் இருக்கும். இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை கையெழுத்துப் போட்டது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போவார். அந்தத் துரை கடனைக் கட்டி ஆளை எடுப்பார், கங்காணிக்கும் மேற்கொண்டு ஏதாவது கிடைக்கும். அடுத்த துண்டில் தொகை இன்னும் ஏறியிருக்கும். ஒரு குடும்பம் எங்கே வாழும், எத்தனை வருடம் கடன் அடைக்கும் என்பதெல்லாம் அந்த இரண்டு வரியில் இருந்தது. அந்த இரண்டு வரியை வாசிக்க அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழித்தார்கள்.

கங்காணியை நம்பி எத்தனை நாள் இருப்பது என்று துரைமாருக்கும் தோன்றியிருக்கிறது. புதிதாகக் கப்பலேறி வரும் சின்னதுரைகளுக்குச் சட்டைப்பைத் தமிழ்க் கையேடுகள் அச்சாயின. ஃபெர்குசன் எழுதிய ஒன்றின் தலைப்பே ‘இங்கே வா!’. துரை தமிழ் பேசினார், சரி. தொழிலாளி கேட்க நினைத்த கேள்விக்கு அந்தத் தமிழில் இடம் இருந்ததா என்பது வேறு விஷயம்.

இந்த இடத்தில் கோ. நடேசய்யரைச் சொல்லாமல் போக முடியாது. அவரைத் தொழிற்சங்கவாதியாகத்தான் மலையகம் நினைவு வைத்திருக்கிறது. இந்தத் தொடருக்கு அவருடைய பழைய தொழில்தான் முக்கியம். தஞ்சாவூரில் வர்த்தகக் கல்வி கற்பித்தவர், ‘வர்த்தக மித்திரன்’ என்று வியாபாரிகளுக்கான இதழ் நடத்தியவர், கணக்குப் பதிவு பற்றிப் புத்தகம் எழுதியவர். இன்றைய பாஷையில் சொன்னால் வியாபாரத் தொடர்பாடல் நிபுணர். 1920இல் இலங்கைக்கு வந்து தங்கினார். 1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’ என்று பத்திரிகை நடத்தினார். தோட்டத்துக்குள் வெளியாள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. ஆகவே துணி வியாபாரி மாதிரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குள் போய் நிலைமையைப் பார்த்துவந்தார் என்பது மலையகத்தில் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை.

1931இல் ஹட்டனைத் தளமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கிய பிறகு அவருக்கு ஒரு சிக்கல். பத்திரிகை இருக்கிறது, வாசிக்க ஆள் குறைவு. அதற்கு வழி கண்டவர் அவர் மனைவி மீனாட்சி அம்மாள். தொழிலாளிக்குத் தெரிந்த மெட்டில் பாட்டுக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். 1940இல் அந்தப் பாட்டுகள் சிறு புத்தகமாக வந்தன. கணக்குப்புத்தகம் எழுதத் தெரிந்தவர் வீட்டில் பாட்டுப் புத்தகமும் தயாரானது. கேட்கிறவருக்கு எது எட்டுமோ அதைக் கையில் எடுப்பது என்பதை அந்த இருவரும் கருவியே இல்லாத காலத்தில் செய்துகாட்டினார்கள்.

இன்றைக்குக் கருவிக்குப் பஞ்சமில்லை. பல தோட்டங்களில் டிஜிட்டல் தராசு வந்துவிட்டது. மறுநாள் எந்த மலை, எத்தனை மணிக்கு என்பது, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கு முன்பே வட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. தப்படித்துக் கூப்பிட்ட காலம் தாத்தா சொல்லும் கதை ஆகிவிட்டது. கொழும்புத் தலைமையகங்களில் ஆங்கில ஆண்டறிக்கையின் முதல் வரைவை இயந்திரமே போட்டுத்தருகிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. 1932இல் தேயிலைப் பிரசார சபை வந்த காலம் தொட்டுக் கொழுந்துக்கூடையோடு சிரிக்கும் பெண்ணின் படம் விளம்பரத்தில் இருக்கிறது. படத்துக்குக் கீழே உள்ள வாசகத்தை மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும் அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்டு எழுதியதில்லை.

மலையில் இருக்கிற சிக்கலுக்கு ஒரு உதாரணம் சம்பளம். 2024 மே மாதம் நாளுக்கு 1700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. அந்த வருடம் செப்டெம்பரில் ஒருவழியாக உறுதியான அடிப்படைச் சம்பளம் 1350. இடையில் மேடையில் 1700, தொலைக்காட்சியில் 1700, முகநூலில் 1700. கையில் வந்த சீட்டில் வேறு தொகை. அதிலும் ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) நூற்றுக்கு 8, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம் என்று கழிவுகள், பெரும்பாலும் ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில். “எங்க அந்த முன்னூத்தம்பது?” என்று பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளையைத்தான் கேட்டார்கள். அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லியிருக்கவில்லை. அவர் ஏதோ சொன்னார். தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு விளக்கம்.

இதைவிடக் கொடுமையானது 2025 நவம்பர் கடைசி வாரம். டித்வா புயல் மழையில் மலைகள் சரிந்தன. நாடு முழுக்க அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களுக்கு அடி அதிகம். உத்தியோகபூர்வ எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில், போதிய அளவில் வரவில்லை என்ற குற்றச்சாட்டு அப்போது பரவலாக எழுந்தது. யோசித்துப் பாருங்கள். சிங்களத்தையோ ஆங்கிலத்தையோ தமிழாக்கித் தரும் இயந்திரம் அன்றைக்கும் எல்லார் கைப்பேசியிலும் இலவசமாக இருந்தது. இல்லாமல் போனது, “இதைத் தமிழில் அனுப்புவது என் வேலை, அனுப்பாவிட்டால் என்னைக் கேளுங்கள்” என்று சொல்ல ஒரு ஆள். இயந்திரம் வந்தால் இந்தத் தொழில் அழியும் என்று சொல்பவர்கள் அந்த நவம்பர் வாரத்தை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். மலைக்கு அந்தத் தொழிலே இன்னும் வந்து சேரவில்லை.

வரவில்லை என்று சொன்னாலும், அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஹட்டன் பஸ் நிலையத்துப் பக்கம் போனால் ‘கொமியூனிகேஷன்’ என்று பலகை போட்ட கடைகள் தெரியும். ஒருகாலத்தில் சவூதிக்கும் குவைத்துக்கும் நிமிடக் கணக்கில் பேசிய இடங்கள். இப்போது ரீலோட், போட்டோக் கொப்பி, டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம். அப்படி ஒரு கடையில் ஒரு மதியம் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்ற ஒரு அம்மா சிங்களத்தில் வந்த கடிதம் ஒன்றை முந்தானையிலிருந்து எடுத்து நீட்டினார். கடையில் இருந்த பெண் கைப்பேசியில் படம் பிடித்தாள். நொடியில் தமிழ் வந்தது.

“என்னா புள்ள போட்டிருக்கு?”

“ஒங்க பேரு ரெண்டு எடத்துல ரெண்டு மாதிரி இருக்காம்மா. ஐடியில ஒரு மாதிரி, ஈ.பி.எஃப். கணக்குல ஒரு மாதிரி.”

“எம் பேரு ஒண்ணுதானே?”

“நீங்க சொல்றது ஒண்ணுதான். எழுதுனவங்க ரெண்டு பேரு.”

மலையகத்தில் இந்த வியாதி வீட்டுக்கு வீடு உண்டு. தமிழ்ப் பெயரைத் தமிழ் தெரியாதவர்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்ததால் முப்பது வருட உழைப்புக் காசு மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். பதில் கடிதத்தை சாட்ஜிபிடி ஒரு நிமிடத்தில் எழுதியது. நல்ல கடிதம், குறை சொல்ல முடியாது. பிறகுதான் அந்தப் பெண்ணின் வேலை தொடங்கியது. கடிதம் மட்டும் போதாது, ஜே.பி.யிடம் (சமாதான நீதவானிடம்) சத்தியக் கடதாசி வாங்க வேண்டும், கிராம சேவகர் கையெழுத்து வேண்டும், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று தோட்ட ஆபீசிலிருந்து கடிதம் வேண்டும், பெரிய கிளாக்கர் எந்தக் கிழமையில் இருப்பார், பதில் லயத்துக்கு நேரே வராது, ஆபீசுக்குத்தான் வரும், ஆகவே கடையின் தொலைபேசி எண்ணையும் போட்டுவிடலாம். எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னாள். அந்த அம்மாவைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். அரைமணி நேரம் போயிருக்கும்.

காசு வாங்கியது பிரிண்ட் எடுத்த பக்கத்துக்கு மட்டும். இயந்திரம் செய்துவிடுகிற வேலைக்குக் கடையில் விலை ஒட்டியிருக்கிறது. அவள் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்கு விலையே இல்லை. டைப்பிங்குக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், பிள்ளைகள் போனிலேயே எழுதிக்கொள்கிறார்கள் என்றாள். வாசித்து விளக்கம் கேட்க வருகிறவர்கள் கூடியிருக்கிறார்களாம். கடிதம் எழுதுவது சுலபமானதிலிருந்து அலுவலகங்களிலிருந்து வரும் கடிதங்களும் நீண்டுவிட்டன என்பது அவள் கணிப்பு.

தோட்டங்களில் வெளிக்கள உத்தியோகத்தர் இருக்கிறார், நலன்புரி உத்தியோகத்தர் இருக்கிறார், மருத்துவமாது இருக்கிறார். சம்பள நாளில் மேசை போட்டு உட்கார்ந்து, சீட்டைத் தமிழில் வாசித்துக்காட்டி, கேள்வியைக் குறித்துக்கொண்டு, கம்பனியிடம் பதில் வாங்கி, அடுத்த சம்பளத்துக்குள் சொல்லிவிட வேண்டிய உத்தியோகம் மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை. மழைக்காலத்தில் எச்சரிக்கையைச் சொல்வதும் அதே ஆளின் பொறுப்பாக இருக்கலாம். மூன்று மொழி தெரிந்த, உயர்தரம் முடித்த பிள்ளைகள் கொழும்புத் துணிக்கடைகளில் நிற்கிறார்கள். ஆளுக்குக் குறைவில்லை. ஒரு தோட்டத்துக்கு ஒருவர் என்றால் கம்பனிக்குச் செலவு என்பார்கள். கணக்கு விளங்காமல் நடந்த வேலைநிறுத்தங்களில் போன கொழுந்தை எந்தச் செலவில் எழுதினார்கள் என்று அப்போது கேட்டுக்கொள்ளலாம்.

இந்த யோசனையைக் கடைப் பெண்ணிடமும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள். “மாசச் சம்பளமாண்ணே, இல்ல பேருக்கா?”

(தொடரும்)

அடுத்த வாரம்: சம்பளச் சீட்டின் கழிவுகள், ஒவ்வொரு வரியாக.